பன்னிரண்டு பேர், ஒரு பெஞ்சு

ஆர்கன் பிரியர்கள் கூட்டமாகக் கிளம்பி, ஒரே நாளில் மூன்று நான்கு தேவாலயங்களின் பைப் ஆர்கன்களை, அதாவது காற்றை ஊதிக் குழாய்களை ஒலிக்கவைக்கும் பெரிய வாத்தியங்களை, பார்த்து, வாசித்துவிட்டு வருவது பழைய வழக்கம். இந்தப் பயணங்களைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. எத்தனை முறை ஓரங்கட்டினாலும் திரும்பி வந்து நிற்கிறது. பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பிரித்துவிடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெஞ்சில் ஏறி, உயரத்தைச் சரிசெய்து, காலணி மாற்றி, ஒவ்வொன்றும் ஒரு குழாய் வரிசையை ஒலிக்க விடும் ஸ்டாப் குமிழ்களில் எழுதியிருக்கும் பெயர்களை ஒரு சுற்று படிப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். மீதி மூன்று நிமிடத்தில் யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை. கையில் வருகிற எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு, மனப்பாடமாக இருக்கும் டொக்காட்டா (விரல் வேகத்தைக் காட்டும் இசைத்துண்டு) ஒன்றின் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு இறங்குகிறார்கள். அடுத்தவர் ஏறி அதையே வேறு வேகத்தில் வாசிக்கிறார். வரிசையில் நிற்பவர்கள் அடுத்த ஆலயத்துக்கு எப்போது கிளம்புவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும், அந்த ஆர்கனில் 8 அடி (இந்த அடிக்கணக்கு பின்னால் வரும்) புல்லாங்குழல் ஸ்டாப் தனியாக எப்படி ஒலித்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. பன்னிரண்டு முறை முழு ஆர்கனைக் கேட்டிருப்பார்கள், ஒரு ஸ்டாப்பைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லா ஸ்டாப்பையும் இழுப்பதற்குச் சாட்சியாக ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கை இழுப்பவர்கள் உண்டு. யோகான் செபாஸ்டியன் பாக் ஒரு புதிய ஆர்கனைச் சோதிக்கப் போனால் முதலில் எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிட்டு முழு ஓசையில் வாசிப்பாராம். இதன் நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்று வேடிக்கையாகச் சொல்வாராம். 1774-இல் அவருடைய மகன் கார்ல் பிலிப் எமானுவேல், பின்னாளில் பாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்க்கெலுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. உண்மைதான். ஆனால் அது கச்சேரியின் தொடக்கம் அல்ல, பரிசோதனையின் தொடக்கம். அவர் தேடியது சத்தத்தை அல்ல, காற்றை.

அந்தச் சோதனையை இன்றும் யாரும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம். ஓசையை வேண்டுமென்றே நடுங்கவைக்கும் டிரெமுலன்ட் இழுத்திருக்கவில்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேனுவலின் (கையால் வாசிக்கும் கட்டை வரிசையின்) மேல் பகுதியில் ஒரே ஒரு 4 அடி ஸ்டாப்பில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் வேறொரு மேனுவலிலும் காலால் வாசிக்கும் பெடலிலும் பெரிய ஸ்டாப்களை இழுத்து, கீழ் ஸ்தாயியில் கனத்த கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) வெட்டி வெட்டி அடிக்க வேண்டும். பிடித்த சுரம் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கினாலோ சுருதி இறங்கினாலோ காற்று போதவில்லை என்று அர்த்தம். துருத்தியின் தோல் மடிப்பில் கிழிசல், காற்றுக் குழாயின் இணைப்பில் கசிவு, தேவைக்கு மெலிந்த குழாய், காற்றை ஊதித் தரும் புளோவரில் வலுவின்மை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதற்காக நடுக்கம் கண்ட இடமெல்லாம் பழுது என்று எழுதிவிடக் கூடாது. பழைய ஆர்கன்கள் பலவற்றில் காற்று கொஞ்சம் நெகிழ்வாகத்தான் இருக்கும். மெல்லிய அசைவு ஒன்று பாட்டோடு சேர்ந்து மூச்சு விடுவதுபோல் வரும். அதையும் இழுத்துக் கட்டி இரும்புபோல் ஆக்கிவிட்ட பழுதுபார்ப்புகள் நடந்திருக்கின்றன. பிறகு அதே பணத்தை இன்னொரு முறை செலவழித்து அந்த நெகிழ்வைத் திரும்பக் கொண்டுவந்ததும் உண்டு.

பெஞ்சு மோசமான இருக்கை

ஆர்கன் வாசிப்பவரின் இடம்தான் அந்தக் கட்டடத்திலேயே ஆர்கனைக் கேட்க மோசமான இடம். கட்டைகளும் ஸ்டாப் குமிழ்களும் உள்ள கன்சோல் ஆர்கன் பெட்டியோடு ஒட்டியிருந்தால், தலைக்கு மேலே மிக்சர் என்ற கூரிய சிறு குழாய்களின் கூட்டம் சீறும். கட்டையின் அசைவைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோகும் விசைத்தண்டுகள் தடதடப்பது சுரத்துக்குச் சமமாகக் காதில் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு சிறு ஆர்கன் பெட்டி தொங்கினால், அது மட்டும் பெரிதாகவும் மற்றதெல்லாம் தூரத்திலும் கேட்கும். கன்சோல் தனியாகத் தள்ளி இருந்தால் வேறு தொல்லை. 30 மீட்டர் தூரத்துக் குழாயிலிருந்து ஓசை வந்து சேர ஏறத்தாழ 90 மில்லிவிநாடி ஆகும். காதை நம்பி வாசித்தால் வேகம் இழுபடும், விரலை நம்பித்தான் வாசிக்க வேண்டும். இந்த ஆர்கனைக் கட்டியவர் எந்த இடத்தில் கேட்பதற்காக ஒவ்வொரு குழாயின் குரலையும் செதுக்கினாரோ, அந்த இடம் கீழே, ஜனங்கள் உட்காரும் பகுதியில்தான் இருக்கிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட நடக்கவைப்பது சுலபம். பெடலில் 16 அடி ஸ்டாப் ஒன்றை மட்டும் இழுத்து, ஆகக் கீழே உள்ள சி சுரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் அதிர்வு விநாடிக்குச் சுமார் 33. மற்றவர்கள் வாசலிலிருந்து பீடம் வரை மெதுவாக நடக்கட்டும். ஓரிடத்தில் ஓசை வயிற்றில் அடிக்கும், நாலு எட்டு தள்ளி வைத்தால் காணாமல் போகும், தூண் பக்கம் திரும்பவும் முளைக்கும். சுவர்களுக்கிடையே அலைகள் மோதி, சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 32 அடி ஸ்டாப் இருந்தால் இன்னும் வேடிக்கை. விநாடிக்கு 16 அதிர்வு என்பது சுரமாகக் கேட்பதற்கும் நடுக்கமாக உணர்வதற்கும் இடையிலான எல்லை. எங்கோ ஒரு ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும்போதுதான் அது ஒலிக்கிறது என்றே தெரியும்.

அடிக்கணக்கு புதியவர்களைக் குழப்பும். ஒரு வரியில் முடித்துவிடலாம்: 8 அடி என்றால் எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும், 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 16 அடி ஒரு ஸ்தாயி கீழே. மேல்முனை திறந்த குழாயில் ஆகக் கீழ்ச் சுரத்தின் நீளம் ஏறத்தாழ அதுவே. முனையை அடைத்துவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுரம் வரும். இடமில்லாத ஆலயங்களில் 16 அடி ஓசை எட்டடிக் குழாய்க்குள் அடங்குவது அப்படித்தான்.

சைஃபர்

ஒரு பயணத்தின் போக்கே மாறுகிற கணம் ஒன்று உண்டு. நாள் முழுக்க அது வராமலும் போகலாம். வந்தால் யாரும் மறப்பதில்லை. யாரோ முழு ஆர்கனில் ஒரு கார்டை முடித்துக் கையை எடுக்கிறார். எதிரொலி அடங்குகிறது. ஒரு சுரம் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. விரல் இல்லை, கால் இல்லை, ஆனாலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் சைஃபர் என்கிறார்கள்.

விசைத்தண்டால் இயங்கும் டிராக்கர் ஆர்கனை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டைக்கும் காற்றுப்பெட்டிக்குள் பாலட் என்ற நீளமான மரக் கதவு ஒன்று உண்டு. தோல் ஒட்டி, கம்பிச் சுருள் ஒன்று கீழிருந்து அழுத்தி மூடிவைத்திருக்கும். கட்டையை அழுத்தினால் கதவு திறந்து அந்தச் சுரத்துக்கான காற்றறை நிரம்பும். எந்த ஸ்டாப்பின் ஸ்லைடர் பலகை இழுத்திருக்கிறதோ அந்தக் குழாய் பேசும். இந்தக் கதவின் விளிம்பில் ஒரு மரத்தூள், செத்த பூச்சியின் ஒரு கால், பெயர்ந்து வந்த பசைத்துண்டு ஒன்று சிக்கினாலே போதும், கதவு முழுதாக மூடாது. ஈரப்பதத்தில் கட்டையின் வழிகாட்டித் துளை ஊதி இறுகினாலும் இதே கதிதான். தினமும் மெதுவாக வாசித்துவந்த ஆர்கனில் திடீரென்று பன்னிரண்டு பேர் ஏறி எல்லாவற்றையும் இழுத்து அடித்தால், இத்தனை வருடம் மூலையில் தூங்கிய தூசி காற்றோடு கிளம்பாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியது இதுதான். முதலில் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டும். எந்த மேனுவல் என்று கண்டுபிடிக்க, ஒரு மேனுவலை இன்னொன்றோடு இணைக்கும் கப்ளர்களை எடுத்துவிடுங்கள். பிறகு இழுத்திருக்கும் ஸ்டாப்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். எந்த ஸ்டாப்பை இழுத்தாலும் அதே சுரம் பேசினால் கோளாறு பாலட்டில். ஒரே ஒரு ஸ்டாப்பில் மட்டும் நின்றால், குழாய்க்கு ஒரு வால்வு என்று அமைந்த மின்காற்று ஆர்கனாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே மின்காந்தத்தில் தூசி, அல்லது சின்னத் தோல் பையில் கிழிசல். கட்டை தெரிந்ததும் அதை விறுவிறுவென்று பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். ஓங்கிக் குத்த வேண்டாம், நுனி விரலால் போதும். கதவு திறந்து மூடும் காற்றிலேயே தூசி பறந்துவிடும். பாதிக்கு மேற்பட்ட சைஃபர்கள் இதிலேயே சரியாகிவிடும் என்பது என் கணிப்பு. ஆகவில்லையென்றால் அந்த மேனுவலை விட்டுவிட்டு மற்றதில் தொடரலாம். பெட்டியைத் திறப்பதும் குழாயை உருவுவதும் சுருதி சேர்ப்பவரின் வேலை. விருந்தாளி கையை வைத்தால் ஒரு சுரத்தின் கோளாறு ஒரு வரிசையின் கோளாறாகிவிடும். கன்சோலில் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். மேனுவல், கட்டை, ஸ்டாப், நேரம், அன்றைய வெப்பநிலை ஐந்தையும் அதில் எழுதுங்கள். ஒரு சுரம் ஒட்டுகிறது என்று மட்டும் எழுதினால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைசி வழி புளோவரை அணைப்பது. அப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சுரம் உடனே நிற்காது. துருத்தி தன் எடையில் இறங்க இறங்கக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அது அடிமட்டத்தைத் தொட்டதும் சுருதி சரியும், ஓசை மெலியும், கடைசியில் குழாயின் உதட்டில் வெறும் மூச்சு. அந்த அரை நிமிடம் பன்னிரண்டு பேரும் அசையாமல் நிற்பார்கள். அன்றைக்கு அவர்கள் ஒரே ஒரு குழாயைத் தனியாக, அதன் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்பது அதுதான் முதல் தடவை. இதற்கு ஆர்கன் பழுதாக வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் குறை.

அதன் பிறகு கூட்டத்தின் கேள்விகளே மாறிவிடும். நான் எதை வாசிக்கட்டும் என்று நின்றவர்கள், இந்தக் காற்று எங்கே போகிறது என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

தனித்தனியாகக் கேட்பது

சைஃபர் வராமலேயே அந்தக் கவனத்தை வரவழைக்கலாம். ஒருவர் மட்டும் பெஞ்சில். மற்றவர்கள் கீழே, கையில் ஸ்டாப் பட்டியல். ஸ்டாப்புக்கு 40 விநாடி: ஒரே சிறு துணுக்கை அடியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மேலே ஒருமுறை. 30 ஸ்டாப் உள்ள ஆர்கன் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். பாரிஸின் சென் சுல்பீஸ் ஆலயத்தில் பிரெஞ்சு ஆர்கன் கட்டுநர் கவாயே-கோல் 1862-இல் முடித்த ஆர்கன்போல் நூறு ஸ்டாப் இருந்தால் பதினைந்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பிரின்சிபல் 8 அடியில் தொடங்குங்கள், ஆர்கனின் சொந்தக் குரல் அதுதான். அடுத்து புல்லாங்குழல் வகை, பிறகு தந்தி வாத்தியம்போல் ஒலிக்கும் குழாய் வகை. டிரம்பெட் போன்ற ரீட் வகை, அதாவது உள்ளே ஒரு பித்தளை நாக்கு அதிரும் குழாய்கள், கடைசியில், டிரம்பெட்டைக் கேட்ட காதுக்குப் பிறகு மென்மையான எதுவும் ஏறாது.

நடுவில் 2 2/3 அடி ஸ்டாப்பைத் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். ச அழுத்தினால் அடுத்த ஸ்தாயியின் ப ஒலிக்கும். பாட்டு வேறு சுருதியில் கோணலாகப் போவதுபோல் இருக்கும், யாராவது சிரிப்பார்கள். இப்போது அதன் மேல் 8 அடியைச் சேர்த்தால் அந்தப் ப மறைந்துபோகும். ஒலியின் நிறம் மட்டும் மாறியிருக்கும். 1 3/5 அடி ஸ்டாப் இதைவிட நமக்கு நெருக்கம். அது கொடுப்பது ஐந்தாவது மேற்சுரம், தம்புராவின் மந்தரத் தந்தி தானாகவே எழுப்பும் அதே காந்தாரம். தம்புராவில் இலவசமாக வருவதை இங்கே ஒரு வரிசைக் குழாய் செய்து வைத்துக் கூட்டுகிறார்கள்.

இந்தச் சுற்றில் யாராவது ஒருவர் ரீட்டுகள் சுருதி தவறியிருக்கின்றன என்று சொல்லியே தீருவார். சொல்வதற்கு முன் ஒரு தெர்மாமீட்டரைப் பார்க்கலாம். ரீட் அல்லாத உதட்டுக் குழாய்களின் சுருதி காற்றின் வெப்பத்தோடு நகரும், ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 3 சென்ட். ரீட்டில் சுருதியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பித்தளை நாக்கு, அது அவ்வளவாக அசையாது. 20 டிகிரியில் சுருதி சேர்த்த ஆர்கனை 12 டிகிரியில் கேட்டால், நூற்றுக்கணக்கான உதட்டுக் குழாய்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 24 சென்ட், அதாவது கால் அரைச்சுரம், இறங்கியிருக்கும். ஊரே நகர்ந்துவிட்டது, அசையாமல் நின்றவன் மேல் பழி.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: இதில் எந்தக் குழாய் எந்தக் காலத்தது? பலகையில் உள்ள வருடம் பாதிக் கதைதான். ஹாம்பர்க் யாக்கோபி ஆலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் 1693-இல் முடித்த ஆர்கனின் முகப்புக் குழாய்களை முதல் உலகப் போரின்போது உலோகத்துக்காகக் கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் போரில் உள்குழாய்களைப் பத்திரப்படுத்தியதால் அவை பிழைத்தன, பெட்டி எரிந்துபோனது. 1993-இல் யூர்கன் ஆரெண்ட் முடித்த புனரமைப்பில் கண்ணுக்குத் தெரியும் முகப்பு புதிது, காதுக்குக் கேட்பதில் பெரும்பகுதி பழையது. புகைப்படம் எடுப்பவர்கள் பலர் அதன் புதிய பாகத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஒரே ஒரு கட்டை

கீழேயே உட்கார்ந்தால் போதுமா என்றால், போதாது. இந்த இடத்தில் என் குறை கொஞ்சம் தளர்கிறது. டிராக்கர் ஆர்கனைத் தொடாமல் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் அதற்கு ஐந்து நிமிடமும் டொக்காட்டாவும் தேவையில்லை, ஆளுக்கு ஒரு கட்டை போதும். ஒரு 8 அடி ஸ்டாப்பை இழுத்து, நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை முடிந்த அளவு மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு தடை விரலில் வந்து நிற்கும். அழுத்தம் கூடக்கூட அது சட்டென்று உடைந்து, அதற்கப்புறம் கட்டை லேசாக இறங்கிவிடும். குழாய் அந்த உடைப்பில்தான் பேசத் தொடங்கும்.

அந்தத் தடை காற்றின் எடை. காற்றழுத்தத்தை நீர்மட்டக் குழாயால் அளக்கிறார்கள். 75 மில்லிமீட்டர் நீர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 7.5 கிராம். கதவு மூடும் திறப்பு 20 சென்டிமீட்டர் நீளமும் 1.5 அகலமும் என்றால் 30 சதுர சென்டிமீட்டர், ஆக 225 கிராம். பின்முனையில் கீல், முன்முனையில் இழுப்பு என்பதால் விரலுக்கு வருவது ஏறத்தாழ பாதி, அதோடு சுருளின் பங்கு. இப்போது கப்ளர் போட்டு அதே கட்டையை அழுத்தச் சொல்லுங்கள், இரண்டு கதவு, இரண்டு மடங்கு. மூன்றாவது மேனுவலையும் சேர்த்தால் முகம் மாறிவிடும். பெரிய ஆர்கன்களில் இது மனித விரலால் ஆகாத காரியமானபோதுதான், காற்றைக் கொண்டே கதவை இழுக்கவைக்கும் பார்க்கரின் நெம்புகோல் வந்தது. கவாயே-கோல் 1841-இல் பாரிஸுக்கு அருகே சென் டெனி ஆலயத்தில் அதைப் பயன்படுத்தினார். இந்த வரலாற்றைச் சொல்லிக் கேட்பதற்கும், மூன்று கப்ளர் போட்ட ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தபின் கேட்பதற்கும் வித்தியாசம் நிறைய.

பெட்டிக்குள் போக அனுமதி கிடைத்தால் இரண்டிரண்டு பேராக மட்டும். உள்ளே உள்ள பலகைகள் சுருதி சேர்ப்பவர் ஒருவர் நிற்பதற்காகப் போட்டவை. தோள் பை, சாவிக்கொத்து, கழுத்தில் தொங்கும் கேமரா எல்லாம் வெளியே. மிதிக்கும் முன் பாருங்கள், காலடியில் இருப்பது விரலளவு அகலமுள்ள விசைத்தண்டாக இருக்கும். குழாயைத் தொடக் கூடாது. உள்ளங்கைச் சூடே சுருதியை நகர்த்தும், வியர்வை ஈயக்கலவையில் தடம் பதிக்கும், உதட்டில் விழும் ஒரு நசுங்கல் அந்தக் குழாயின் குரலையே மாற்றிவிடும். குழாயின் காலடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஊதிப் பார்க்காதீர்கள், அது ஈயம் அரித்த உப்பு. வெளியே வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் அரைமணியில் நாலு பேர் வாசிக்கலாம், ஆளுக்கு ஏழு நிமிடம். யார் அந்த நாலு பேர் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. அடுத்த ஆலயத்தில் வேறு நாலு பேர். டொக்காட்டாவை வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒருவர் வாசித்தால் போதும்.

கடைசியாக இறங்குபவர் ஸ்டாப்களையும் கப்ளர்களையும் உள்ளே தள்ள வேண்டும். பெஞ்சின் உயரம் வந்தபோது எங்கே இருந்ததோ அங்கே. ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் திறந்து மூடும் ஸ்வெல் பெட்டியின் கதவுகள் திறந்தே இருக்கட்டும். மூடிவிட்டால் உள்ளே ஒரு வெப்பம், வெளியே ஒரு வெப்பம் என்று தங்கி, அடுத்து வாசிக்க வருபவருக்கு இரண்டு சுருதியில் ஓர் ஆர்கன் கிடைக்கும். பிறகு புளோவர், விளக்கு, பூட்டு.